ராலியா, ஜட்ஜா? 2012 பஞ்சாயத்து மறுபடியும்

கேள்வி: 14 நவம்பர் 2025

அமெரிக்கப் பேஸ்பாலில் சியாட்டிலின் கேல் ராலி, பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர், ஒரே சீசனில் 60 ஹோம் ரன் (சுவரைத் தாண்டும் அடி). கேட்சர்களில் அதுவரை யாரும் 48ஐத் தாண்டியதில்லை. அப்படியும் அமெரிக்கன் லீக் எம்விபி, அதாவது மிகவும் மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது, நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜுக்குத்தான். 2012ல் டெட்ராய்ட் டைகர்ஸின் மிகேல் கப்ரேரா டிரிபிள் கிரௌன் (சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ மூன்றிலும் லீகில் முதலிடம்) வாங்கியபோது “சாதனை பெரியது” என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? அதே அளவுகோல் கேல் ராலிக்கு ஏன் இல்லை? யாங்கீஸ் சட்டை போட்டால்தான் எம்விபியா?

14 நவம்பர், இரவு

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லீகில் 15 அணி. ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் இரண்டு பத்திரிகையாளர்கள், ஆக 30 ஓட்டு. நியூயார்க்குக்கு இரண்டு என்றால் சியாட்டிலுக்கும் இரண்டு. ஆளுக்குப் பத்துப் பெயரை வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, அப்புறம் 8, 7 என்று இறங்கிப் பத்தாமிடத்துக்கு 1.

ஜட்ஜுக்கு 17 முதலிடம், ராலிக்கு 13. புள்ளியில் 355க்கு 335. பெருக்கிப் பார்த்தால் தெரியும், 30 பேரில் ஒருவர்கூட இவர்கள் இருவரையும் முதல் இரண்டு இடத்தை விட்டு இறக்கவில்லை. இரண்டே பேர் பெயர்களை மாற்றி எழுதியிருந்தால் 345க்கு 345 என்று சமமாகியிருக்கும். அப்படி நடந்ததும் உண்டு: 1979ல் இன்னொரு லீகான நேஷனல் லீகில் வில்லி ஸ்டார்ஜெலும் கீத் ஹெர்னாண்டஸும் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

2012 இந்த மாதிரி இழுபறி இல்லை. அப்போது அந்த லீகில் 14 அணி, 28 ஓட்டு. கப்ரேராவுக்கு 22, ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரௌட்டுக்கு 6. 362க்கு 281.

“அதே அளவுகோல்” என்கிறீர்கள். அந்த அளவுகோலே கோணல் என்பது என் கட்சி. கோணலை எடுத்து வந்து இன்னொரு முறை அளக்கச் சொல்கிறீர்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

15 நவம்பர்

2012ல் நான் மிச்சிகனில் இருந்தேன். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. டெட்ராய்ட்டைச் சுற்றி நம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை, பாதிப் பேர் கார் தொழிலை நம்பி வந்தவர்கள்தான். ஆபீஸில் பேச்சுத் துணைக்காகப் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து டைகர்ஸ் பைத்தியமாகிவிட்டேன். ஆகவே அந்த வருஷத்தைப் பற்றி நான் சொல்வதை ஏஞ்சல்ஸ் ரசிகனின் பொறாமை என்று தள்ள முடியாது.

கப்ரேராவின் சீசன் தொடங்கியதே மூன்றாவது பேஸில். அந்தக் குளிர்காலத்தில் டைகர்ஸ் பிரின்ஸ் ஃபீல்டரை 9 வருஷம், 214 மில்லியன் டாலர் என்று எடுத்தார்கள். ஃபீல்டருக்கு முதல் பேஸ் தவிர வேறு இடம் தெரியாது. அங்கே நின்றுகொண்டிருந்த கப்ரேரா மறுபேச்சில்லாமல் எதிர்மூலைக்குப் போனார். மார்ச்சில், பயிற்சி ஆட்டத்திலேயே, தரையில் வந்த பந்து எகிறி முகத்தில் அடித்துக் கண்ணுக்குக் கீழே எலும்பு விரிசல். அப்படியும் 161 ஆட்டம். சராசரி .330 (ஆயிரம் வாய்ப்புக்கு 330 ஹிட் என்ற கணக்கு), ஹோம் ரன் 44, ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்) 139. மூன்றிலும் லீகில் முதலிடம். 1967ல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்கு அப்புறம் 45 வருஷமாக யாருக்கும் வாய்க்காதது.

அவர் அடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். டைகர்ஸ் மைதானமான காமெரிகா பார்க்கில் மூன்றாவது பேஸ் பக்கம் டிக்கெட் கிடைத்தால் எனக்குத் தீபாவளி. வெளியே போகும் பந்தை மற்றவர்கள் எட்டிப் பிடித்து இழுத்து அடிக்கப் பார்ப்பார்கள், உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போகும். இவர் அவசரப்படவே மாட்டார். பந்து கேட்சர் கையுறைக்குள் போய்விட்டது என்று நாம் முடிவுகட்டும் நேரத்தில் மட்டை வரும். அது வலது பக்கம், ரைட் ஃபீல்டருக்கும் கோட்டுக்கும் நடுவில் போய் விழும். முன்காலைக் கொஞ்சம் தூக்கி வைப்பதைத் தவிர உடம்பில் அலட்டலே இருக்காது.

அதே இருக்கையிலிருந்து இன்னொன்றும் தெரியும். அவருக்கு இரண்டு எட்டு இடது பக்கம் பந்து உருண்டால் கழுத்து மட்டும் திரும்பும். பேஸ் ஓட்டமும் அப்படித்தான். ஆள் நல்ல புத்திசாலி, வேகம் கிடையாது. அந்த வருஷம் டபுள் பிளேயில் (ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்) மாட்டியதிலும் லீகில் முதலிடம், 28 முறை. அந்த மகுடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ட்ரௌட்டை நான் டிவியில்தான் பார்த்தேன், கலிஃபோர்னியா ஆட்டம் மிச்சிகனில் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும். இருபது வயசுப் பையன். .326, 30 ஹோம் ரன், 83 ஆர்பிஐ, 129 ரன், 49 ஸ்டீல் (பந்து போடும்போதே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது). ஸ்டீல் முயற்சியில் பிடிபட்டது ஐந்தே தடவை. சென்டர் ஃபீல்டில் அவர் செய்ததற்கு ஒரே காட்சி போதும்: ஜூன் 27, பால்டிமோர். ஜே.ஜே. ஹார்டி அடித்த பந்து சுவருக்கு வெளியே போயாயிற்று. ட்ரௌட் ஓடிவந்து சுவரில் கால் வைத்தாரா, காற்றில் கால் வைத்தாரா என்றே தெரியவில்லை, இடுப்பு சுவர் மட்டத்துக்கு ஏறியிருந்தது, கையுறை அந்தப் பக்கத்திலிருந்து பந்தோடு திரும்பி வந்தது. டெட்ராய்ட் வீட்டில் உட்கார்ந்து கைதட்டினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

15 நவம்பர், அப்புறம்

இந்த வாதத்தில் எப்போதும் அடிபடும் “வார்” என்ற எண் சண்டையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதை வைத்து நடந்தது சண்டைதான். ஓர் ஆட்டக்காரர் திடீரென்று இல்லாமல் போனால் மைனர் லீகிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவரலாம் இல்லையா, அந்தச் சாதா ஆளைவிட இவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகச் சம்பாதித்தார் என்ற மதிப்பீடு. அடி, ஓட்டம், ஃபீல்டிங், நிற்கும் இடம், மைதானம் எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, ஏறக்குறைய 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்று கூட்டுவார்கள். கணக்கிடும் ஆளைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். 2012ல் யார் போட்டாலும் ட்ரௌட் 10ஐச் சுற்றி, கப்ரேரா 7ஐச் சுற்றி. அரை வெற்றி வித்தியாசம் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மூன்று என்பது சின்ன இடைவெளி கிடையாது.

16 நவம்பர்

டிரிபிள் கிரௌன் பற்றி எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். அதில் பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது.

2012ல் ஹோம் ரன்னில் கப்ரேராவுக்கு அடுத்து ஜாஷ் ஹாமில்டனும் கர்டிஸ் கிராண்டர்சனும், ஆளுக்கு 43. ஹாமில்டன் இன்னும் இரண்டு அடித்து 45 ஆக்கியிருந்தால் மகுடம் போச்சு. சராசரியில் அடுத்தவர் யார் தெரியுமா? ட்ரௌட்டேதான். 559 அட்-பேட்டில் (அடிக்கும் வாய்ப்பில்) 182 ஹிட். இன்னும் மூன்றே மூன்று ஹிட் விழுந்திருந்தால் .331, கப்ரேராவின் .330 இரண்டாமிடம்.

அப்படி நடந்திருந்தால் கப்ரேரா அடித்த ஒரு பந்துகூட மாறியிருக்காது. அதே 44, அதே 139, அதே 88 வெற்றி டைகர்ஸுக்கு. ஆனால் 45 வருஷக் கதை இருந்திருக்காது, 22 ஓட்டும் விழுந்திருக்காது. யாரோ ஒருவர் டெக்சஸில் இரண்டு பந்தைத் தூக்கி அடித்தாரா இல்லையா என்பதை வைத்து டெட்ராய்ட்காரரின் மதிப்பு கூடிக் குறையுமா? மதிப்புக்குத்தானே விருது, மைல்கல்லுக்கு இல்லையே.

ராலியின் 60ம் ஒரு மைல்கல்தான். 58ல் நின்றிருந்தால் இந்தச் சத்தம் பாதியாகியிருக்கும்.

17 நவம்பர்

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்கிறார்: “அணி பிளேஆஃப் போகாவிட்டால் அவர் எப்படி மதிப்புள்ளவர் ஆவார்? டைகர்ஸ் போனது, ஏஞ்சல்ஸ் போகவில்லை. கதை முடிந்தது.”

கதை முடியவில்லை. டைகர்ஸ் 88 வெற்றி. ஏஞ்சல்ஸ் 89. ஒரு வெற்றி கூடுதலாக வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனார்கள், ஏனென்றால் அவர்கள் பிரிவில் ஓக்லண்ட் 94, டெக்சஸ் 93. டைகர்ஸ் பிரிவில் அடுத்து நின்ற சிகாகோ வைட் சாக்ஸ் 85தான். எந்த ஊர்க்காரன் பக்கத்தில் உங்களைக் குடிவைத்தார்கள் என்பதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஓட்டுச் சீட்டோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது: “மிகவும் மதிப்புள்ளவர்” என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை, முடிவு ஓட்டுப்போடுகிறவருடையது, பிளேஆஃப் போன அணியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று இல்லை. கவனிக்க வேண்டியதில் முதலாவது அணிக்கு அவருடைய உண்மையான மதிப்பு, அதாவது அடியும் தடுப்பும் சேர்த்து. இரண்டாவது, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. பிறகு குணம், உழைப்பு, விசுவாசம். 1987ல் கடைசி இடத்தில் கிடந்த சிகாகோ கப்ஸின் ஆந்த்ரே டாசனுக்கும், 2003ல் அதே போலக் கடைசியில் கிடந்த டெக்சஸின் அலெக்ஸ் ராட்ரிகஸுக்கும் கொடுத்திருக்கிறார்களே.

நமக்குப் புரிகிற மாதிரி வேண்டுமென்றால் 2003 உலகக் கோப்பை. கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு, தொடர் நாயகன் 673 ரன் அடித்த சச்சின். அன்றைக்கு யாராவது “தோற்ற அணிக்கு எதற்கு” என்று கேட்டோமா?

17 நவம்பர், இரவு

மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. ஓட்டு உலகத் தொடருக்கு, அதாவது கடைசி இறுதிப் போட்டிக்கு, பிறகு போடுவதில்லை. வழக்கமான சீசன் முடிந்ததும், பிளேஆஃப் தொடங்குமுன் சீட்டு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அறிவிப்புதான் நவம்பரில். 2012ல் டைகர்ஸ் உலகத் தொடரில் நான்குக்கு பூஜ்யம் என்று சான் ஃபிரான்சிஸ்கோவிடம் உதை வாங்கியதற்கும் கப்ரேராவின் விருதுக்கும் தொடர்பில்லை. இந்த வருஷம் சியாட்டில் லீக் இறுதியில் ஏழாவது ஆட்டம்வரை போய் டொராண்டோவிடம் தோற்றதும் கணக்கில் வராது.

“ட்ரௌட் வந்த பிறகுதான் ஏஞ்சல்ஸ் எழுந்தது” என்பதும் முழு உண்மை இல்லை, என் கட்சிக்காரர் சொன்னாலும். அவரை ஏப்ரல் 28ல் கூப்பிட்டார்கள், அப்போது 6 வெற்றி, 14 தோல்வி. அதற்குப் பிறகு 83க்கு 59. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஏப்ரலில் ஏஞ்சல்ஸின் நட்சத்திர பேட்டர் ஆல்பர்ட் புஹோல்ஸ் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை, மே 6ல்தான் முதல் ஒன்று விழுந்தது. அவரும்தான் விழித்துக்கொண்டார். எல்லாவற்றையும் பையன் கணக்கில் எழுதினால் நாளைக்கு நம்மைத்தான் மடக்குவார்கள்.

ட்ரௌட் ஆடியது 139 ஆட்டம், கப்ரேரா 161. இது கப்ரேரா பக்கம் உள்ள நியாயமான வாதம். 22 ஆட்டம் குறைவாக ஆடியும் மூன்று வெற்றி கூடுதல் என்பதுதான் என் பதில்.

19 நவம்பர்

டிரிபிள் கிரௌன் வாங்கினால் எம்விபி தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்டனின் டெட் வில்லியம்ஸிடம் போய்ச் சொல்ல முடியாது, அவர் இப்போது இல்லை. 1942ல் .356, 36, 137. விருது யாங்கீஸின் ஜோ கார்டனுக்கு: .322, 18 ஹோம் ரன், 103 ஆர்பிஐ. அந்த வருஷம் கார்டன் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனதிலும் டபுள் பிளேயில் மாட்டியதிலும் லீகில் முதலிடம், அது போனஸ். 1947ல் வில்லியம்ஸ் மறுபடியும் மூன்றிலும் முதல். விருது யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்கு, ஒரே ஒரு புள்ளியில், 202க்கு 201. சட்டைச் சந்தேகம் வந்தவர்களுக்கு 1940கள்தான் சரியான வேட்டைக்காடு, 2025 இல்லை.

இன்னும் பின்னால் போனால் சுவாரசியம். 1934. யாங்கீஸின் லூ கெரிக் .363, 49 ஹோம் ரன், டிரிபிள் கிரௌன். எம்விபி ஓட்டில் அவருக்கு ஐந்தாமிடம்! வாங்கியவர் டெட்ராய்ட் டைகர்ஸின் மிக்கி காக்ரன். அவர் அடித்த ஹோம் ரன் இரண்டு. அறுபதில்லை, இரண்டு. ஆனால் அவர் கேட்சர், அதோடு அணியின் மேனேஜரும் அவரே, 1909க்குப் பிறகு டெட்ராய்ட் முதன்முறையாக லீகை வென்ற வருஷம் அது.

ஆக 1934ல் கேட்சர் வேலைக்கு அவ்வளவு மரியாதை. 49 ஹோம் ரன்னைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அது அதீதம்தான். எனக்குக் கொடுத்திருந்தால் கெரிக்கைத்தான் எழுதியிருப்பேன். ஆனாலும் இதைப் படித்த பிறகு ராலி விஷயத்தில் எனக்கு ஒரு குடைச்சல் தொடங்கியிருக்கிறது.

22 நவம்பர்

குடைச்சல் என்னவென்றால், கேள்வி கேட்டவர் ராலியைக் கப்ரேராவோடு சேர்த்துவைத்தார். ஜட்ஜ் கட்சியும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது: பெரிய எண் ஒரு பக்கம், முழு ஆட்டக்காரர் மறுபக்கம். ஆனால் தடுப்பில், யாரும் பார்க்காத வேலையில், இங்கே ட்ரௌட் யார்? ஜட்ஜ் இல்லையே. ராலிதான். கையில் இருப்பது கப்ரேராவின் எண், காலில் மாட்டியிருப்பது கேட்சரின் கவசம். 2012ல் “ஃபீல்டிங்கையும் எண்ணுங்கள்” என்று கூவிய எங்கள் ஆட்கள், ஒரு கேட்சர் வந்து நின்றதும் “பேட்டிங்கைப் பாருங்கள்” என்கிறோம். கொஞ்சம் உறுத்துகிறது.

கேட்சர் வேலை என்னவென்று எனக்கு மிச்சிகனில் ஒரு கோடைக்காலம் புரிந்தது. ஆபீஸ் சாஃப்ட்பால் அணியில் ஆள் குறைந்தது. இந்தியாக்காரன் என்றால் கீப்பிங் தெரியும் என்று யாரோ கொளுத்திப்போட, என்னைப் பிளேட்டுக்குப் பின்னால் குந்த வைத்துவிட்டார்கள். கீழிருந்து மெதுவாக வரும் சாஃப்ட்பால்தான். அதற்கே மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். விக்கெட் கீப்பருக்குப் பந்து வந்தால் வேலை, பேட்ஸ்மேன் அடித்துவிட்டால் ஓய்வு. இங்கே ஒவ்வொரு பந்துக்கும் குந்த வேண்டும், எந்தப் பந்து போட வேண்டும் என்று சொல்ல வேண்டும், முதல் பேஸில் நிற்பவன் ஓடுகிறானா என்று ஒரு கண், மட்டை நுனியில் பட்ட பந்து முகமூடியில் மோதினால் தலையை உதறிவிட்டு மறுபடியும் குந்த வேண்டும்.

அதற்கு மேல் ஃப்ரேமிங். ஸ்ட்ரைக் எல்லைக்கு ஒரு விரல் கீழே வரும் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்துக்குட்டி கேட்சர் கையுறையைப் பந்தோடு சேர்த்துத் தரைக்குப் போகவிடுவார், அம்பயர் “பால்” என்பார். தேர்ந்தவர் கையுறையைப் பந்துக்குக் கீழே முன்கூட்டியே இறக்கிவைத்து, பந்து வரும்போது மேல்நோக்கி வந்து வாங்குவார். பிடித்த இடத்தில் கை அசையாது. அம்பயர் கண்ணுக்கு அது ஸ்ட்ரைக். அந்த ஒரு ஸ்ட்ரைக்கால் பேட்டருக்கு நிலைமை தலைகீழ். இதை ஒரு சீசன் முழுக்கச் செய்தால் ரன் கணக்கில் நன்றாகவே தெரியும். 2024ல் லீகின் சிறந்த ஃபீல்டருக்கான பிளாட்டினம் கிளவ் ராலிக்குச் சும்மா கொடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வார் கணக்கிடும் இரண்டு பெரிய தளங்களில் ஃபேன்கிராஃப்ஸ் ஃப்ரேமிங்கைச் சேர்க்கும், பேஸ்பால்-ரெஃபரன்ஸ் சேர்க்காது. சேர்த்தால் ஜட்ஜுக்கும் ராலிக்கும் நடுவில் சுமார் ஒரு வெற்றிதான் இடைவெளி. சேர்க்காவிட்டால் அது இரண்டுக்கு மேல் போகிறது. 2012ல் எந்தத் தராசில் வைத்தாலும் முள் ஒரே பக்கம் சாய்ந்தது. இப்போது எந்தத் தராசு என்பதே வழக்கு.

23 நவம்பர்

அப்படியானால் கட்சி மாறிவிட்டாயா என்று கேட்டவருக்கு: இல்லை, இன்னும் ஜட்ஜ். காரணம் அவுட்.

பேஸ்பாலில் ஓர் அணிக்குக் கையிருப்பு 27 அவுட். அதைச் செலவழிக்காமல் இருப்பதுதான் பேட்டரின் முதல் வேலை. ஜட்ஜ் பேஸ் ஏறும் விகிதம் .457. ராலி .359. நூறு முறை போனால் பத்து முறை ஜட்ஜ் கூடுதலாக உயிரோடு நிற்கிறார். சீசனுக்கு ஏறக்குறைய 700 முறை போகிறார்கள், ஆக எழுபது அவுட் மிச்சம். இரண்டரை ஆட்டத்துக்கான முழு அவுட்டும் ஒரே ஆள் கையில் மிச்சம்! ஏறி நிற்பதோடு விடவில்லை, 53 ஹோம் ரன்னும் அடித்தார், .331 என்று சராசரியிலும் முதல். 60க்கு 53 என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. ராலியின் சராசரி .247.

ராலி பக்கமும் ஒன்று சேர்க்க வேண்டும். சியாட்டில் மைதானம் பேட்டருக்கு லீகிலேயே மோசமான இடங்களில் ஒன்று, அங்கே பாதி ஆட்டம் ஆடி அறுபது. இன்னொன்று: அவர் ஆடிய 159 ஆட்டத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு டிஹெச் (ஃபீல்டிங் இல்லாமல் அடிக்க மட்டும் வருபவர்), குந்தவில்லை. ஜட்ஜும் ஜூலைக் கடைசியில் முழங்கையில் அடிபட்டு, திரும்பி வந்து சில வாரம் டிஹெச்சாகவே ஆடினார். அதனால் “முழுநேரக் கேட்சர்”, “முழுநேர ரைட் ஃபீல்டர்” என்று இரண்டு பக்கமும் மார்தட்டுவதை நிறுத்தலாம்.

யாங்கீ ஸ்டேடியத்தின் கிட்டத்தில் இருக்கும் வலப்பக்கச் சுவரால் ஜட்ஜுக்கு ஹோம் ரன் கிடைக்கிறது என்ற பேச்சு பாதிதான் சரி. அந்தச் சுவர் பெரிய வரம் இடதுகை பேட்டருக்கு. ஜட்ஜ் வலதுகை. எதிர்ப்பக்கம் தூக்கும்போது சில பந்து அவருக்கும் தாண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவர் அடிக்கும் அடிக்குப் பெரும்பாலும் சுவரின் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

24 நவம்பர்

சரி, எத்தனைக்கு எத்தனை என்று எண்ணாகக் கேட்டிருக்கிறார்கள். ஜட்ஜ் 51, ராலி 49. 2012? ட்ரௌட் 80, கப்ரேரா 20, அந்த 20ம் டெட்ராய்ட் உப்பைத் தின்ற நன்றிக்கு.

29 நவம்பர்

இழை எங்கெங்கோ போகிறது, போகட்டும். ராலியின் செல்லப்பெயர் “பிக் டம்பர்”. பின்பக்கம் பெரிசு என்பதால் சக வீரர் வைத்த பெயர். சியாட்டில் ஊரே அதை மரியாதையோடு கூப்பிடுகிறது. நம் ஊரில் ஒரு கீப்பருக்கு இப்படிப் பெயர் வைத்துப் பாருங்கள், சங்கத்திலிருந்து கண்டனத் தீர்மானம் வரும்.

ஜூலையில் ஹோம் ரன் டெர்பி வென்றபோது அவருக்குப் பந்து போட்டவர் அப்பா, பின்னால் கேட்சராகக் குந்தியிருந்தது தம்பி. இதற்காக ஓட்டுப்போட முடியாது. ஆனால் “குணம், உழைப்பு” என்று குறிப்பில் ஒரு வரி இருக்கிறதே, அதன் கீழ் ஒரு புள்ளி போட்டுக்கொள்ளலாமா என்று சியாட்டில் தம்பி கேட்கிறார். போட்டுக்கொள்ளப்பா.

கப்ரேராவுக்கும் அந்த வரியில் பெரிய மார்க் போட வேண்டும். ஃபீல்டருக்காக முதல் பேஸை விட்டுக்கொடுத்தாரே. வேறு நட்சத்திரமாக இருந்தால் ஏஜெண்டை விட்டுப் பேசவைத்திருப்பார். சீசனின் கடைசி ஆட்டம் அக்டோபர் 3ல் கான்சஸ் சிட்டியில். நடுவில் அவரை வெளியே எடுத்தபோது எதிரணி ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதை நான் டிவியில் பார்த்துக் கண் கலங்கினேன், மறைக்கவில்லை. கைதட்டுவதற்கும் ஓட்டுப்போடுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அவ்வளவுதான் என் வாதம்.

3 டிசம்பர்

“2013ல் என்ன சொல்கிறாய்?” என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. கப்ரேரா .348, 44, 137, அதுவும் கடைசி மாதங்களில் நொண்டிக்கொண்டே. 30 முதலிடத்தில் 23 அவருக்கு. நான் மறுபடியும் ட்ரௌட்டைத்தான் எழுதியிருப்பேன். 2014ல் எல்லோரும் ஒருமனதாக ட்ரௌட்டுக்குக் கொடுத்தார்கள். அவருடைய முந்தைய இரண்டு வருஷத்தையும்விடக் கொஞ்சம் மங்கலான வருஷம் அது. பழைய பாக்கியைத் தீர்த்த மாதிரி இருந்தது.

ஃப்ரேமிங் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2026ல் இருந்து ஸ்ட்ரைக்கா பாலா என்று சொல்ல மெஷின் வருகிறது. முழுக்க இல்லை, அப்பீல் முறையில். அணிக்கு இரண்டு வாய்ப்பு, அப்பீல் சரியாக இருந்தால் வாய்ப்பு போகாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர்தான், உடனே, தலையில் தட்டிக் கேட்க வேண்டும். பெஞ்சிலிருந்து கண்ஜாடை கூடாது. கேட்சரின் கைவித்தைக்கு இதனால் கொஞ்சம் விலை குறையும். ஆனால் எந்தப் பந்துக்குக் கேட்பது, எதற்குச் சும்மா இருப்பது என்று முடிவு எடுக்கும் ஆளும் பெரும்பாலும் அதே கேட்சராகத்தான் இருப்பார், அவருக்குத்தான் பந்து நன்றாகத் தெரியும். அதை எந்தத் தளம் எப்படிக் கணக்கில் சேர்க்கப்போகிறதோ, அடுத்த நவம்பரில் அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது.

7 டிசம்பர்

கடைசியாக வந்த கேள்வி: பிட்சருக்கு எம்விபி கொடுக்கலாமா, அவர்களுக்குத்தான் சை யங் விருது தனியாக இருக்கிறதே.

கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். குறிப்பிலும் தடை இல்லை. 1999ல் பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினஸ் 23 வெற்றி, 4 தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) 2.07, 313 ஸ்ட்ரைக்அவுட். முதலிட ஓட்டு அவருக்குத்தான் அதிகம், எட்டு. ஏழு வாங்கிய ஐவன் ராட்ரிகஸ் விருதைத் தட்டிக்கொண்டு போனார், 252க்கு 239. எப்படி என்றால், இரண்டு பேர் தங்கள் சீட்டில் பத்து இடத்தில் ஒன்றில்கூடப் பெட்ரோவின் பெயரை எழுதவில்லை. ராட்ரிகஸும் கேட்சர்தான், டெக்சஸ். கேட்சர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று மேலே எழுதியவர் இதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும்.

அதனால் 2025க்கு என் சீட்டு: ஒன்று ஜட்ஜ், இரண்டு ராலி, மூன்று டாரிக் ஸ்கூபல். பிட்சர், தொடர்ந்து இரண்டாவது வருஷமாகச் சை யங், அவர் பந்து போடும் நாளில் அணிக்கே வேறு முகம். நான்கு பாபி விட் ஜூனியர், ஐந்து ஹோசே ரமிரெஸ். ஸ்கூபல் ஆடுவது டெட்ராய்ட்டுக்கு என்று கண்டுபிடித்து யாரும் மெனக்கெட்டு எழுத வேண்டாம், எனக்கே தெரியும். மீதி ஐந்து இடத்துக்கு அடித்துக்கொள்ளுங்கள்.